பிராந்தியக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு எப்படி அமைகிறது: அமெரிக்க முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியப் பல்கலைக்கழக விளையாட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மண்டலப் போட்டி என்பது தெரிந்த ஏற்பாடுதான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. சென்னையில் உள்ள பல்கலைக்கழகம் தென்மண்டலத்தில் ஆடுகிறது, அங்கே முன்னிலை பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்கின்றன. யார் யாருடன் ஆடுவது என்பதை வரைபடமே முடிவு செய்துவிடுகிறது. அமெரிக்காவில் அந்த முடிவைப் பல்கலைக்கழகங்களே எடுக்கின்றன. அங்கே 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்பு, சில பல்கலைக்கழகங்கள் தாமாக விரும்பிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். விரும்பினால் சேரலாம், மற்றவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே சேர முடியும், பிடிக்காவிட்டால் வெளியேறலாம். தேசிய அளவிலான சங்கமான என்.சி.ஏ.ஏ. பொது விதிகளையும் தேசியப் போட்டிகளையும் கவனிக்கிறதே தவிர, எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கூட்டமைப்பில் இருக்க வேண்டும் என்று அது ஆணையிடுவதில்லை.

அப்படியொரு கூட்டமைப்பை அடியிலிருந்து கட்டுவதானால் எந்த வரிசையில் என்னென்ன முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. முதன்மை எடுத்துக்காட்டாக வடகிழக்கு அமெரிக்காவின் ஐவி லீகை வைத்துக்கொள்கிறேன். எட்டே உறுப்பினர்கள், 1954 முதல் மாறாத பட்டியல், வெளிப்படையான விதிகள் என்று அதன் உட்கட்டமைப்பைப் பார்ப்பது எளிது. ஐவி லீக் செய்யாதவற்றைக் காட்ட மற்றக் கூட்டமைப்புகளும் இடையிடையே வரும்.

முதல் படி: கூட்டாளிகளைத் தேர்ந்தெடுத்தல்

1895 ஜனவரி 11 அன்று பர்டியூ பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் அழைத்ததன்பேரில், நடுமேற்கு மாநிலங்களின் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிகாகோ நகரின் பால்மர் ஹவுஸ் விடுதியில் கூடினார்கள். படிப்புக்கும் கல்லூரிக்கும் தொடர்பில்லாத ஆட்கள் காசுக்காகக் கல்லூரிச் சீருடையில் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. முறையாகச் சேர்ந்து, பாடங்களில் பின்தங்காமல் படிக்கும் முழுநேர மாணவர் மட்டுமே அணியில் ஆடலாம் என்பது அவர்கள் வகுத்த விதிகளின் சாரம். அடுத்த ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்களுடன் முறையாகத் தொடங்கிய அந்த அமைப்பே இன்றைய பிக் டென். கோப்பையும் தொலைக்காட்சியும் பின்னால் வந்தவை. 'உன் அணியில் ஆடுபவன் உண்மையிலேயே மாணவன்தான் என்று நான் நம்பலாமா' என்ற கேள்விக்கு விடை தேடித்தான் இந்த ஏற்பாடு பிறந்தது.

ஆகவே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, படிப்புத் தரத்திலும் மாணவர் சேர்க்கைக் கொள்கையிலும் ஒருவரையொருவர் மதிக்கக்கூடிய நிறுவனங்களா என்பதைத்தான். அடுத்தது தொலைவு. ஓர் அணி பேருந்தில் புறப்பட்டு, ஆடி முடித்து, வகுப்புகளைத் தவறவிடாமல் திரும்ப முடிகிற தூரத்திற்குள் மற்ற உறுப்பினர்கள் இருக்க வேண்டும். செலவழிக்கும் திறன் மூன்றாவது. ஒருவர் விளையாட்டுக்கு ஒதுக்கும் பணம் மற்றவரைப் போல் பத்து மடங்கு என்றால், அட்டவணை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் முடிவுகள் முன்கூட்டியே தெரிந்தவையாகிவிடும். பிரவுன், கொலம்பியா, கார்னெல், டார்ட்மத், ஹார்வர்ட், பென்சில்வேனியா, பிரின்ஸ்டன், யேல் ஆகிய எட்டும் இம்மூன்றிலும் ஏறக்குறையப் பொருந்துகின்றன. இவர்கள் 1945இல் அமெரிக்கக் கால்பந்துக்காக (பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதி ஆடும் ஆட்டம்; இனி வெறும் 'கால்பந்து' என்பதும் இதையே குறிக்கும்) மட்டும் ஓர் ஒப்பந்தம் செய்து, 1954இல் அதை எல்லா விளையாட்டுகளுக்கும் விரிவாக்கினார்கள். ஒன்பது ஆண்டுகள் ஒரே ஆட்டத்தில் பழகிப் பார்த்துவிட்டுப் பிறகு முழுமையாக இணைந்த இந்த நிதானம், புதிதாகக் கூட்டமைப்பு தொடங்குவோர் கவனிக்க வேண்டியது.

எத்தனை பேர் இருக்கலாம்? என்.சி.ஏ.ஏ.வின் மிக உயர்ந்த நிலையான முதல் பிரிவில் பல விளையாட்டுகளை நடத்தும் கூட்டமைப்புக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும்; அமெரிக்கக் கால்பந்தின் மேல்தட்டில் இருக்க வேண்டுமானால் எட்டு. மேல் எல்லை எதுவும் கிடையாது, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 1921இல் உருவான சதர்ன் கான்ஃபரன்ஸ் 23 உறுப்பினர்கள்வரை வளர்ந்து, ஒருவரோடு ஒருவர் ஆடவே வாய்ப்பில்லாத நிலைக்குப் போனது. 1932 டிசம்பரில் 13 பேர் பிரிந்து சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸை அமைத்தார்கள். அதன் பிறகும் தாய் அமைப்பு மீண்டும் பெருத்தது. 1953இல் ஏழு பேர் விலகி அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸைத் தொடங்கினார்கள். எட்டிலிருந்து பத்துக்குள் நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. அதன் காரணம் ஐந்தாம் படியில் அட்டவணையைப் போடும்போது தெரியும்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தை எழுத்தில் வடித்தல்

கூட்டமைப்பின் அடிப்படை ஆவணம் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. நோக்கம், உறுப்பினர் தகுதி, வாக்குரிமை போன்றவை அமைப்பு விதிகளில் வரும். போட்டி நடத்தும் முறை, வீரர் தகுதி, அபராதம், வருவாய்ப் பங்கீடு போன்றவை துணை விதிகளில் வரும். புதிய உறுப்பினரைச் சேர்க்க எவ்வளவு பெரும்பான்மை தேவை, விலகுபவர் எத்தனை மாதங்களுக்கு முன் அறிவிப்பு தர வேண்டும், விலகல் தொகை எவ்வளவு, அறிவிப்பு தந்தவருக்கு அதன் பிறகு வாக்கு உண்டா ஆகிய நான்கும் எல்லோரும் நட்பாக இருக்கும் காலத்தில் யாரும் ஊன்றிப் படிக்காத பகுதிகள்.

அவற்றின் எடை 2023இல் தெரிந்தது. மேற்குக் கரையின் பேக்-12 கூட்டமைப்பிலிருந்து தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் விலகுவதாக 2022 ஜூனில் அறிவித்திருந்தன. 2023 கோடையில் கொலராடோ, ஆரெகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா என்று வரிசையாகப் புறப்பட்டு, கடைசியில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் போனபோது, பன்னிரண்டில் ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டே எஞ்சின. அமைப்பின் பெயர், சேமிப்பு, வரவேண்டிய வருவாய் ஆகியவற்றை யார் நிர்வகிப்பது? எஞ்சிய இருவரும் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள். குறிப்பிட்ட நாளுக்கு முன் விலகல் அறிவிப்பு தருபவர் நிர்வாகக் குழுவில் தம் இடத்தை இழப்பார் என்ற துணை விதியே அவர்களின் வாதம். அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் அதை ஏற்றது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. பத்துப் பேரின் எண்ணிக்கையை இருவரின் கையிலிருந்த ஒரே ஒரு விதி வென்றது.

விதிகளை எழுதும்போது எதைப் பொதுவாக்குவது, எதை உறுப்பினரின் விருப்பத்துக்கு விடுவது என்பதும் முடிவாக வேண்டும். ஐவி லீக் இரண்டு விஷயங்களைப் பொதுவாக்கியது. ஒன்று, விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை கிடையாது; குடும்ப வருமானத்தைப் பொறுத்த நிதியுதவி மட்டுமே உண்டு. இரண்டு, சேர்க்கப்படும் வீரர்களின் பள்ளி மதிப்பெண்ணையும் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு குறியீடு; அதன்படி அந்த வீரர்கள் மற்ற மாணவர்களின் தரத்திலிருந்து வெகுவாகக் கீழே இருக்கக் கூடாது. முதல் விதி பணத்தை நிறுவனங்களுக்குள் பேசி வைத்துக் கட்டுப்படுத்தும் சதி என்று 2023இல் பிரவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2024இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கூட்டமைப்பின் விதி எதுவானாலும் அது போட்டியாளர்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு என்பதால், வணிகப் போட்டியைக் காக்கும் சட்டம் எப்போதும் அதன் வாசலில் நிற்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் இந்தப் படியைக் கடக்க வேண்டாம்.

மூன்றாம் படி: அதிகாரம் யார் கையில்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் 'பிரசிடென்ட்' நம் துணைவேந்தருக்கு நிகரானவர். கூட்டமைப்பின் உச்ச அதிகாரம் இந்தத் தலைவர்களின் குழுவிடம் இருக்க வேண்டும். பயிற்சியாளர்களிடமோ விளையாட்டுத் துறை இயக்குநர்களிடமோ அல்ல. அவர்களுக்குக் கீழே இயக்குநர்களின் குழு அன்றாட விவகாரங்களைக் கவனிக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒரு பேராசிரியர், படிப்புக்கும் ஆட்டத்துக்கும் இடையே மோதல் வரும்போது குரல் கொடுக்கும் பிரதிநிதியாக இருப்பார். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகப் பெண்கள் விளையாட்டு பெருகியபின், மூத்த பெண் நிர்வாகி ஒருவரும் கலந்தாலோசனைகளில் இடம்பெறுவது வழக்கமாயிற்று. விளையாடும் மாணவர்களுக்கென ஓர் ஆலோசனைக் குழுவும் உண்டு.

காகிதத்தில் இது வெறும் படிநிலை வரைபடம் போலத் தோன்றும். நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள். 2020 மார்ச் 10 அன்று, கொரோனாப் பரவலைக் காரணம் காட்டி ஐவி லீக் தன் கூடைப்பந்துத் தொடரை ரத்து செய்தது. அந்த நாளில் வேறு எந்தக் கூட்டமைப்பும் அப்படிச் செய்திருக்கவில்லை. வீரர்களும் பயிற்சியாளர்களும் கொதித்தார்கள். ஆனால் முடிவு தலைவர்களுடையது, அதற்கு மேல் முறையீடு இல்லை. இரண்டே நாளில் என்.சி.ஏ.ஏ. தன் தேசியப் போட்டியையே ரத்து செய்தது.

மற்ற நிகழ்வு எதிர்த்திசையில் நடந்தது. ஐவி லீகின் அமெரிக்கக் கால்பந்து அணிகள் தேசிய இறுதிச் சுற்றுகளில் ஆடக் கூடாது என்ற தடை, கூட்டமைப்பு தோன்றியது முதல் இருந்தது. மற்ற எல்லா விளையாட்டுகளிலும் தேசியப் போட்டிக்குப் போகலாம், இதில் மட்டும் கூடாது என்ற முரண்பாட்டை யாராலும் நியாயப்படுத்த முடியவில்லை. மாணவர் ஆலோசனைக் குழு முறைப்படி ஒரு முன்மொழிவை எழுதி மேலே அனுப்பியது. அது குழு குழுவாக ஏறி, 2024 டிசம்பரில் தலைவர்களின் ஒப்புதலைப் பெற்றது. 2025 பருவம் முதல் தடை இல்லை. பயிற்சியாளர்கள் பல பத்தாண்டுகள் முணுமுணுத்தும் நகராத விதி, மாணவர்களின் எழுத்துப்பூர்வமான முன்மொழிவில் நகர்ந்தது.

இவர்கள் எல்லோரும் வேறு வேலை உள்ளவர்கள். ஆகவே முழுநேர அலுவலகம் ஒன்றும், அதை நடத்த 'ஆணையர்' எனப்படும் தலைமை நிர்வாகி ஒருவரும் வேண்டும். பிக் டென் தன் முதல் ஆணையரான ஜான் கிரிஃபித்தை நியமித்தது 1922இல், அதாவது அமைப்பு தொடங்கி கால் நூற்றாண்டுக்குப் பிறகு. ஐவி லீகின் அலுவலகம் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் நகரில் இருக்கிறது. அதன் தலைமை நிர்வாகி 'செயல் இயக்குநர்' என்றே அழைக்கப்படுகிறார். ஆணையரின் வேலை விதியை இயற்றுவது அல்ல, நடத்துவது. ஆனால் தொலைக்காட்சி ஒப்பந்தங்களைப் பேசுபவரும் அவரே என்பதால், பெரிய கூட்டமைப்புகளில் ஆணையரின் சொல் சில தலைவர்களின் சொல்லைவிட ஓங்கி ஒலிப்பதைக் காண்கிறோம். அது ஆரோக்கியமானது என்று எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் படி: எந்தெந்த விளையாட்டுகள்

எல்லா உறுப்பினர்களும் எல்லா ஆட்டங்களையும் நடத்துவதில்லை. பொதுவாக ஓர் ஆட்டத்தில் ஆறு உறுப்பினர்களாவது அணி வைத்திருந்தால்தான், அந்த ஆட்டத்தின் கூட்டமைப்பு வெற்றியாளருக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்கும். எண்ணிக்கை குறையும் இடங்களில் மூன்று வழிகள் உண்டு: அந்த ஆட்டத்தைக் கைவிடலாம், வெளியார் ஒருவரை அந்த ஒரே ஆட்டத்துக்கு மட்டும் இணைத்துக்கொள்ளலாம், அல்லது தம் அணிகளை வேறொரு கூட்டமைப்பில் ஆட விடலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் லக்ராஸ் ஆட்டத்துக்கு மட்டும் பிக் டென் உறுப்பினர். ஐஸ் ஹாக்கியில் ஐவி லீகின் ஆறு பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டு அணிகள் கொண்ட ஈ.சி.ஏ.சி. ஹாக்கி அமைப்பில் ஆடுகின்றன. அங்கே அந்த ஆறும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எண்ணி ஐவி வெற்றியாளரை அறிவிக்கிறார்கள். ஒரே ஆட்டம் இரண்டு பட்டியல்களில் ஏறுகிறது.

ஐந்தாம் படி: அட்டவணை

கூட்டமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எட்டு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற ஏழுடன் ஒருமுறை ஆடினால் மொத்தம் 28 ஆட்டங்கள்; சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று இருமுறை ஆடினால் 56, அணிக்கு 14. ஐவி லீக் அமெரிக்கக் கால்பந்தில் முதல் முறையையும் கூடைப்பந்தில் இரண்டாம் முறையையும் பின்பற்றுகிறது. கால்பந்தில் அணிக்குப் பத்து ஆட்டங்கள் என்பதால், ஏழு போக மூன்றை வெளியாருடன் ஆடலாம். யாரும் யாரையும் தவிர்க்க முடியாது, யாருக்கும் எளிய அட்டவணை வாய்க்காது.

பிக் டென் இன்று 18 உறுப்பினர்களைக் கொண்டது. ஓர் அணிக்கு 17 எதிரிகள். கால்பந்தில் கூட்டமைப்புக்குள் ஆடுவதோ ஒன்பது ஆட்டங்கள். எனவே எட்டுப் பேரை அந்த ஆண்டில் சந்திக்கவே மாட்டார்கள். மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் போன்ற பழைய போட்டி இணைகளைக் காப்பாற்ற, சில ஆட்டங்கள் ஆண்டுதோறும் உறுதியாக நடக்கும்படி விதி செய்ய வேண்டியிருக்கிறது. எட்டு அல்லது பத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னதன் காரணம் இதுவே. நியூ இங்கிலாந்தின் சிறு கல்லூரிகள் 1971இல் அமைத்த நெஸ்காக் கூட்டமைப்பில் பதினோரு உறுப்பினர்கள். அவர்களில் கனெக்டிகட் கல்லூரிக்கு அமெரிக்கக் கால்பந்து அணி இல்லை. மீதிப் பத்து அணிகளும் நெடுங்காலம் எட்டு ஆட்டங்களே ஆடியதால் ஒவ்வோர் அணியும் யாராவது ஒருவரைத் தவறவிட்டது. 2017இல் ஒன்பதாம் ஆட்டத்தைச் சேர்த்தபின் கணக்கு சரியாயிற்று.

எண்ணிக்கை சரியானால் மட்டும் போதாது. பேருந்தையும் படிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஐவி லீகின் கூடைப்பந்து அட்டவணை நெடுங்காலம் 'பயண இணை' என்ற முறையில் போடப்பட்டது. பக்கத்தில் இருப்பவர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள்: ஹார்வர்டும் டார்ட்மத்தும், யேலும் பிரவுனும், பென்சில்வேனியாவும் பிரின்ஸ்டனும், கொலம்பியாவும் கார்னெலும். ஒரு வார இறுதியில் பென்சில்வேனியா–பிரின்ஸ்டன் இணை வடக்கே பயணம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி இரவு பென்சில்வேனியா பாஸ்டன் அருகே ஹார்வர்டுடன் ஆடும். அதே நேரத்தில் பிரின்ஸ்டன் நியூ ஹாம்ப்ஷயரின் ஹனோவர் ஊரில் டார்ட்மத்துடன் ஆடும். ஆட்டம் முடிந்து, குளித்து, ஏதோ சாப்பிட்டுவிட்டு, இரண்டு அணிகளும் பேருந்தேறும். சுமார் 200 கிலோமீட்டர், பனி பெய்யும் பிப்ரவரி இரவு. இரு பேருந்துகளும் எதிரெதிர்த் திசையில் ஒரே நெடுஞ்சாலையில் கடந்து போகும். சனி இரவு எதிரிகளை மாற்றிக்கொண்டு ஆடிவிட்டு, ஞாயிறு காலைக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். ஒரு பயணத்தில் இரண்டு ஆட்டங்கள், தவறிய வகுப்பு வெள்ளிக்கிழமையில் ஒன்றோ இரண்டோ.

இந்த முறையில் எல்லோருக்கும் சுமை சமமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவுக்கும் பிரின்ஸ்டனுக்கும் இடையே 70 கிலோமீட்டர்தான். நியூயார்க் நகரத்துக் கொலம்பியாவுக்கும் இதாகா ஊரின் கார்னெலுக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கொலம்பியா–கார்னெல் இணையைச் சந்திக்கப் போகிற அணிக்கு வெள்ளி இரவுத் தூக்கம் பேருந்திலேயே கழியும். இணைகளை எப்படிச் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போது இயக்குநர்கள் நீண்ட நேரம் வாதாடுவது இதற்காகத்தான், அதில் தவறொன்றும் இல்லை.

தொலைக்காட்சிப் பணத்துக்காகப் பிராந்தியத்தைக் கைவிட்டவர்களின் நிலை வேறு. 2024 முதல் பிக் டென்னில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும், பேக்-12ஐ விட்டு வந்த லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரு பல்கலைக்கழகங்களும் ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. இடையே நாட்டின் முழு அகலம், சுமார் 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். கால்பந்து அணி தனி விமானத்தில் வாரத்துக்கு ஒருமுறை போய்வரும். வாரத்துக்கு இரண்டு, மூன்று ஆட்டங்கள் ஆடும் கைப்பந்து அணியின் பெண்களும் மென்பந்து அணியின் பெண்களும் அதே தூரத்தைக் கடக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இந்த அணிகளின் அட்டவணையை முதலில் எடுத்துப் பார்த்திருந்தால் பேனா சற்றுத் தயங்கியிருக்கும்.

ஆறாம் படி: வெற்றியாளரை அறிவித்தல்

இரண்டு வழிகள். லீக் சுற்றின் முடிவில் முதலிடத்தில் இருப்பவரே வெற்றியாளர் என்பது ஒன்று. லீக் முடிந்தபின் நாக் அவுட் தொடர் நடத்தி அதில் வெல்பவருக்குத் தேசியப் போட்டியின் இடத்தைக் கொடுப்பது மற்றொன்று. முதலாவது நியாயமானது, இரண்டாவது பரபரப்பானது. தொலைக்காட்சி இரண்டாவதையே விரும்பும். ஐவி லீக் நெடுங்காலம் முதல் வழியிலேயே நின்றது. 2011இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் சமநிலையில் முடித்தபோது, பொதுவிடமாக யேலின் நியூ ஹேவன் அரங்கைத் தேர்ந்தெடுத்து ஒரே ஓர் ஆட்டம் நடத்தினார்கள். கடைசி நொடியில் விழுந்த பந்தால் பிரின்ஸ்டன் 63–62 என்று வென்றது. 2017 முதல் முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகளுக்கு மட்டும் தொடர் நடத்துகிறார்கள். முதலாவது ஃபிலடெல்ஃபியாவின் பலெஸ்ட்ரா அரங்கில் நடந்தது. எட்டுப் பேரையும் அழைக்காமல் நான்கோடு நிறுத்தியது லீக் சுற்றின் மதிப்பைக் காப்பாற்றும் நல்ல சமரசம்.

எந்த வழியானாலும், சமநிலை உடைக்கும் விதிகளைப் பருவம் தொடங்குமுன் எழுதி அறிவித்துவிட வேண்டும். இருவர் சமம் என்றால் அவர்கள் தமக்குள் ஆடியதன் முடிவு. மூவர் சமம் என்றால் அந்த மூவருக்குள் தனிப் பட்டியல். அதுவும் சமம் என்றால் பட்டியலில் மேலிருந்து கீழாக ஒவ்வோர் அணிக்கும் எதிரான முடிவு. கால்பந்தில் பட்டத்தைப் பகிர்ந்துகொள்ள ஐவி லீக் எப்போதும் தயாராகவே இருந்தது. ஆனால் தேசியச் சுற்றுக்குப் போகத் தொடங்கியபின் நேரடி இடம் ஒன்றே என்பதால், அதற்கென ஒரு வரிசையை வகுத்தாக வேண்டியதாயிற்று.

ஏழாம் படி: நடுவர்களும் ஒழுங்கும்

நடுவர்களைச் சொந்த அணி நியமிக்கக் கூடாது. கூட்டமைப்பின் நடுவர் ஒருங்கிணைப்பாளர் நியமிப்பார், ஆட்டத்துக்குப் பின் காணொளியைப் பார்த்து மதிப்பெண் போடுவார். அருகிலுள்ள கூட்டமைப்புகள் ஒரே ஒருங்கிணைப்பாளரைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. செலவு குறையும், நடுவர்களுக்கும் அதிக ஆட்டங்கள் கிடைக்கும். ஒழுங்கு நடவடிக்கையில் அபராதத்தை எழுத்திலேயே நிர்ணயித்துவிடுவது சச்சரவைக் குறைக்கும். வெற்றிக் களிப்பில் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தால் பல்கலைக்கழகம் பணம் கட்ட வேண்டும் என்ற சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸின் விதி, 2023இல் முதல் முறைக்கு 1 லட்சம் டாலர், இரண்டாம் முறைக்கு 2.5 லட்சம், அதன் பின் 5 லட்சம் என்று உயர்த்தப்பட்டது. பணத்தைக் கட்டிவிட்டுக் கொண்டாடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எட்டாம் படி: பணம்

சிறிய கூட்டமைப்பின் வருவாயில் உறுப்பினர் சந்தாவும் என்.சி.ஏ.ஏ.வின் பங்கீடும் முக்கியமானவை. அந்தப் பங்கீட்டில் ஒரு பகுதி ஆண்கள் கூடைப்பந்துத் தேசியப் போட்டியிலிருந்து 'அலகு' என்ற கணக்கில் வருகிறது. ஓர் அணி அந்தப் போட்டியில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், இறுதி ஆட்டம் நீங்கலாக, அதன் கூட்டமைப்புக்கு ஓர் அலகு. ஓர் அலகின் தொகை ஆறு ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும், மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். 2025 முதல் பெண்கள் போட்டிக்கும் அலகு உண்டு. பணம் கூட்டமைப்புக்குத்தான் போகிறது, ஆடிய அணிக்கு நேரடியாக அல்ல. அதை எட்டாகச் சமமாகப் பிரிப்பதா, ஆடியவருக்குக் கூடுதலாகத் தருவதா என்பதைத் துணை விதிகளே சொல்ல வேண்டும்.

பெரிய கூட்டமைப்புகளில் ஒளிபரப்பு உரிமையே எல்லாம். பிக் டென் 2007இல் ஃபாக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சொந்தத் தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியது. 2022இல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகியவற்றுடன் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்தது. உறுப்பினர்கள் ஓடிவிடாமல் இருக்க, அவரவர் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுவரை கூட்டமைப்புக்கே எழுதிக் கொடுத்துவிடும் ஏற்பாடு பிறந்தது. விலகினாலும் சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்புப் பணம் பழைய கூட்டமைப்புக்கே போகும். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் 2036வரை நீளும் இந்தப் பிணைப்பை எதிர்த்து ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் தொடுத்த வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசத்தில் முடிந்தன.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் தம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். இதில் சேர்வதில்லை என்று ஐவி லீக் முன்னதாகவே அறிவித்துவிட்டது. புதிய கூட்டமைப்பு எதுவானாலும் இந்தக் கேள்விக்கு எல்லா உறுப்பினர்களும் ஒரே பதிலைத் தருகிறார்களா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். பாதிப் பேர் பணம் தந்து, பாதிப் பேர் தராத கூட்டமைப்பு நீடிக்காது.

ஒன்பதாம் படி: விலகலும் மறுசீரமைப்பும்

விலகல்கள் வரும். பல்கலைக்கழகத்தின் நோக்கம் மாறினால் வரும்: சிகாகோ பல்கலைக்கழகம் 1939இல் கால்பந்தையே கைவிட்டு, தானும் சேர்ந்து நிறுவிய பிக் டென்னைவிட்டு 1946இல் வெளியேறியது. பணத்துக்காகவும் வரும். உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால், அதைச் சரிசெய்ய என்.சி.ஏ.ஏ. இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. அதற்குள் புதியவர்களைப் பிடிக்க வேண்டும், அவர்கள் தம் பழைய கூட்டமைப்புக்குக் கட்ட வேண்டிய விலகல் தொகைக்கு வழி காண வேண்டும், இடைப்பட்ட பருவங்களுக்கு யாருடன் ஆடுவது என்று ஏற்பாடு செய்ய வேண்டும்.

பேக்-12இன் எஞ்சிய இருவர் செய்தது இதைத்தான். 2024 பருவத்தில் கால்பந்து ஆட்டங்களுக்கு அண்டையிலிருந்த மவுன்டன் வெஸ்ட் கூட்டமைப்புடன் அட்டவணை ஒப்பந்தம் செய்துகொண்டு, மற்ற பல ஆட்டங்களில் தம் அணிகளை வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அந்த மவுன்டன் வெஸ்டிலிருந்தே பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகிய ஐந்தையும் 2026 ஜூலை முதல் சேர்ப்பதாக அறிவித்தார்கள். உறுப்பினர்களை இழுத்ததற்கான தொகை யார் தருவது என்று இரு கூட்டமைப்புகளும் நீதிமன்றம் போயின. அடுத்து கான்ஸகா பல்கலைக்கழகம் வந்தது. கூடைப்பந்தில் புகழ்பெற்ற அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கால்பந்து அணி கிடையாது. ஆகவே கால்பந்துக் கணக்கில் எண்ணிக்கை ஏழிலேயே நின்றது. எட்டாவதாக, மற்ற எல்லோரிடமிருந்தும் வெகுதொலைவில் இருக்கும் டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 2025 ஜூன் இறுதியில் சேர்த்து, தேவையான எண்ணை எட்டினார்கள்.